வாத்து வைத்திருந்த திறப்புகள்

இன்னொருத்தியின் வாழ்க்கை எனக்கு வேண்டும் என்று நான் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. என்னுடையதை முழுசாகத் தந்திருந்தாலே போதும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் எழுதப்போவது ஒரு கொரியக் கதைப்புத்தகத்தைப் பற்றி. அந்தப் புத்தகத்தில் வருகிறவர்கள் எல்லோரும் வேறு வாழ்க்கைக்கு ஆசைப்பட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆசைப்பட நேரமும் வசதியும் உள்ள ஆட்கள்.

ஜேர்மனிக்கு நான் வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். கலியாணம் பேசி, அவருடைய படத்தை எனக்கும் என்னுடைய படத்தை அவருக்கும் காட்டி, இரண்டு வீட்டாரும் சம்மதித்து, ஏஜென்சிக்காரன் மூலம் என்னைக் கொழும்பில் பிளேன் ஏற்றிவிட்டார்கள். அவர் எனக்கு முன்பே வந்து, ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் அசூல் அடித்துவிட்டு ரெஸ்ரோறண்ட் ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அகதி விண்ணப்பம் கொடுப்பதைத்தான் எங்கள் ஆட்கள் அசூல் அடிப்பது என்பார்கள்.

கட்டப்போகிற பெண் என்று சொன்னால் ஜேர்மன்காரன் அதைக் கணக்கில் எடுக்க மாட்டான், வடக்கே எங்கேயாவது ஒரு முகாமில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவான், வேறு மாவட்டத்துக்கு வந்துபோகவும் விடமாட்டான் என்று யாரோ ஒரு அண்ணை அவருக்குப் புத்தி சொல்லியிருக்கிறார். கூடப்பிறந்தவர்கள் என்றால் ஒரே ஊரில் விடுவார்களாம். அவருடைய கேஸில் ஏற்கெனவே ஒரு தங்கச்சியின் பெயர் பதிந்திருந்தது. அவருடைய சொந்தத் தங்கச்சி, யாழ்ப்பாணத்தில் நல்ல சுகத்தோடு இருந்தவள், எனக்கு மச்சாள் முறை. அந்தப் பெயரையும் அவளுடைய பிறந்த திகதியையும் பாடமாக்கிக்கொண்டு போய்ச் சொல்லு என்றார்கள். போய்ச் சொன்னேன். ஊரை விட்டு வெளிக்கிட்ட நாளில் இருந்து சாப்பாடும் நித்திரையும் இல்லாமல் வந்து நின்றவளுக்கு, சொல்லிக்கொடுத்ததைச் சொல்வதைத் தவிர வேறு என்ன தெரியும்?

ஆக, ஜேர்மன் அரசாங்கத்தின் கண்ணில் நான் என் கணவருக்குத் தங்கச்சி. வந்த அடுத்த மாசிக்குள் தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, ஐயரைக் கூப்பிட்டு, தாலி கட்டினார். எங்கள் ஆட்கள் வந்து பந்தியில் இருந்து சாப்பிட்டுப் படம் எடுத்துப் போனார்கள். எல்லோருக்கும் தெரியும், ஜேர்மன்காரரைத் தவிர. பதிவுத் திருமணம் செய்ய ஏலாது. அண்ணனையும் தங்கச்சியையும் எந்த நாட்டில் பதிவார்கள்? மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் தகப்பன் பெயரைக் கேட்டார்கள். தெரியாது என்று சொன்னேன். அந்த எழுத்துக்காரியின் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. ஆறு அடி தள்ளி, பூக்கட்டோடு, பிள்ளையின் மாமா என்று சொல்லிக்கொண்டு அவர் நின்றார்.

"விசா கிடைக்கட்டும், எல்லாத்தையும் மாத்திப்போடலாம்" என்பது அவருடைய வாடிக்கைப் பேச்சு. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். பிள்ளையின் பத்திரத்தில் தகப்பனுக்கு ஒரு பெயர் இருக்கவேண்டும். நான் அவருக்கு என்ன முறையோ அந்த முறையில் என்னை எழுதவேண்டும். பெரிய மாளிகையோ காரோ நான் கேட்கவில்லை.

மச்சாள் இதில் இன்னொரு பக்கம் அகப்பட்டாள். சண்டை கூடினபோது அவளும் வெளியே வர முயன்றாள். ஜேர்மனிக்கு வர முடியவில்லை. அவள்தான் ஏற்கெனவே ஜேர்மனியில் இருக்கிறாளே! என்னுடைய பெயரை எப்போது திருப்பித் தருவீர்கள் என்று அவள் தொலைபேசியில் கேட்டாள். பகிடியாகத்தான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் காலத்தில் நான் ஒரு முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கும் பகுதியில் வேலை செய்தேன். அங்கே ஒவ்வொரு கிழவருடைய, கிழவியுடைய உடுப்பிலும் அவரவர் பெயரைத் துணித்துண்டில் அச்சடித்துத் தைத்திருக்கும். ஒருவர் செத்துப்போனால், சொந்தக்காரர் வந்து எடுக்காத உடுப்பில் இருந்து அந்தப் பெயரைப் பிரித்தெடுத்துவிட்டு, உடுப்பில்லாத வேறொருவரின் பெயரைத் தைப்போம். நல்ல கம்பளிச் சட்டை ஒன்று எனக்குத் தெரிய நாலு பேருடைய சட்டையாக இருந்தது. சட்டைக்கு ஒரு பிரச்சினையும் இருக்கவில்லை.

அந்த இல்லத்தில் என்னை எல்லோரும் மச்சாளின் பெயரால்தான் கூப்பிட்டார்கள். மச்சாளின் பிறந்தநாளில் நான் கேக் அடித்துக்கொண்டு போனேன். இங்கே பிறந்தநாள்காரர்தான் மற்றவர்களுக்குக் கேக் கொண்டுபோக வேண்டும். என்னுடைய உண்மையான பிறந்தநாள் ஐப்பசியில். அன்றைக்கு நான் பாட்டுக்குப் படுக்கை விரிப்புகளை ஸ்திரி போட்டுக்கொண்டிருப்பேன்.

இதை முதலில் கண்டுபிடித்தவர் அங்கே வேலை செய்த ஒரு கொரிய நேர்ஸ். ஐம்பதைத் தொட்ட மனுஷி. இளம்பெண்ணாக இருந்த காலத்தில் மூன்று வருஷ ஒப்பந்தத்தில் ஜேர்மனிக்கு வந்து, தம்பிமாரைப் படிப்பித்து, கலியாணம் முடித்து வைத்து, தான் மட்டும் தனியாக இங்கேயே நின்றுவிட்டவர். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நீ ஏன் ஒரு கணம் கழித்துத் திரும்புகிறாய் என்று ஒருநாள் கேட்டார். நான் அழுதுவிட்டேன். முழுக் கதையையும் என்னுடைய உடைந்த ஜேர்மன் மொழியில் கொட்டினேன். அவர் அதிர்ச்சியடையவில்லை, புத்தி சொல்லவில்லை, யாருக்கும் சொல்லவும் இல்லை. அன்றில் இருந்து நான் அவரை அக்கா என்றே கூப்பிட்டேன். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சந்தோசப்பட்டார்.

அக்காவின் தங்கை கொரியாவில் இருந்து பார்சல் அனுப்புவாள். காய்ந்த கடல்பாசியும் மிளகாய்த்தூளும் நடுவில் ஒரு கதைப்புத்தகமும் இருக்கும். அப்படி வந்ததுதான் இந்தப் புத்தகம். காலை இடைவேளையில் அக்கா கீழே தோய்க்கும் அறைக்கு வந்து, அழுக்கு மூட்டையில் குந்திக்கொண்டு, முதல்நாள் வாசித்ததை எனக்கு ஜேர்மன் மொழியில் சொல்லுவார். நான் துவாய்களை மடித்துக்கொண்டே கேட்பேன். என்னுடைய ஜேர்மன் மொழி உருப்பட்டது அரசாங்க வகுப்பில் இல்லை, அந்தக் கதையில்தான்.

கதை இதுதான். மலைச்சரிவில் ஒரு பொதுக் குளியல் வீடு. அதை நடத்துவது மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு வாத்து. குளிக்க வருகிறவர்கள் உடுப்பைக் கழற்றிப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு, திறப்பை ரப்பர் வளையத்தில் கணுக்காலில் போட்டுக்கொள்வார்கள். மாதத்தில் ஒருநாள் மட்டும் வாத்து எல்லாத் திறப்புகளையும் கொக்கியில் மாட்டிவைக்கும். அன்றைக்கு யார் யாருடைய திறப்பையும் எடுக்கலாம். எந்தப் பெட்டகத்தைத் திறந்து எந்த உடுப்பைப் போடுகிறாயோ அந்த ஆளின் வாழ்க்கைக்குள் நடந்து போய்விடலாம். அடுத்த தடவை குளிக்க வந்து திரும்ப மாற்றிக்கொள்ளலாம், உன்னுடைய திறப்பு கொக்கியில் தொங்கினால்.

நூடுல்ஸ் கடை வைத்திருப்பவனுடைய பெண்சாதி ஒருத்திதான் கதாநாயகி. கை எப்போதும் உள்ளி மணக்கும், புருஷன் வாய் திறந்து நல்லதாக நாலு வார்த்தை சொல்ல மாட்டான். அவள் பாடகியின் உடுப்பைப் போட்டாள், மேடையில் நின்றபோது தொண்டை அடைத்துவிட்டது. கப்பல் தலைவனின் பெண்சாதி ஆனாள், வீடு முழுக்கக் கடிகாரங்கள், புருஷனைக் காணவே கிடைக்கவில்லை. ஒரு தடவை அவசரத்தில் பள்ளிக்கூட வாத்தியாரின் காற்சட்டையை மாட்டிக்கொண்டு மீசையோடு வெளியே வந்தாள். அந்த இடத்தில் அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

எனக்குத் தொடக்கத்தில் எரிச்சல்தான் வந்தது. விசர்க் கதை என்று முகத்துக்கு நேரே சொன்னேன். கடை இருக்கிறது, வீடு இருக்கிறது, தன் பெயரால் தன்னைக் கூப்பிட ஆள் இருக்கிறது. இவளுக்கு என்ன கொழுப்பு? இப்படி எழுதினவர் ஒருநாளாவது அகதி முகாமில் வரிசையில் நின்றிருந்தால் வாத்தைப் பிடித்துக் கறி வைத்திருப்பார் என்றேன். அக்கா கோபிக்கவில்லை. அடுத்த நாள் இடைவேளைக்கு அவர் வரப் பிந்தியபோது, நான்தான் படியில் ஏறிப்போய்த் தேடினேன். கோதாரி, என்ன நடந்தது என்று தெரியாமல் எனக்கு வேலை ஓடவில்லை.

அவள் ஊர் சுற்றுகிறாளே, நூடுல்ஸ் கடையில் சமைப்பது யார் என்று ஒருநாள் கேட்டேன். அவளுடைய திறப்பையும் ஒருத்தி எடுத்துவிட்டாள், ஒரு பேராசிரியரின் பெண்சாதி, கடையில் சந்தோசமாக மா பிசைகிறாள் என்றார் அக்கா. புருஷனுக்கு ஆள் மாறினது தெரியவில்லையா என்று கேட்டேன். இல்லை, சூப்பில் உப்பு அளவாக இருக்கிறது என்று மட்டும் சொன்னானாம். இரண்டு பேரும் சிரித்தோம்.

அதே காலத்தில்தான் என்னுடைய அசூலும் என் கணவருடைய அசூலும் நிராகரிக்கப்பட்டன. சில மாதத்துக்கு ஒருமுறை வெளிநாட்டவர் விசயம் பார்க்கிற அரசாங்கக் கந்தோருக்குப் போய், திருப்பி அனுப்பாமல் இருக்கும்படி கேட்டுத் தவணை வாங்கவேண்டும். அவர் வேலை செய்த ரெஸ்ரோறண்டில் பரிமாறுகிற ஜேர்மன் பெண் ஒருத்தி இருந்தாள். அவளைப் பேப்பருக்காகப் பதிவு செய்யப்போவதாக அவர் வந்து சொன்னார். பேப்பரில் அவர் கலியாணம் செய்யாத ஆள்தானே, ஒரு தடையும் இல்லை. மூன்று வருஷத்தில் நிரந்தர விசா, பிறகு விவாகரத்து, பிறகு எங்களுடைய விசயத்தை ஒழுங்குபடுத்தலாம் என்றார். எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் செய்ததுதான். நான் மாட்டேன் என்று கத்தினேன், சாப்பிடாமல் கிடந்தேன். கடைசியில், திருப்பி அனுப்பினால் பிள்ளையின் கதி என்ன என்று அவர் கேட்டபோது, செய்யுங்கோ என்றேன்.

பதிவுக்குச் சாட்சி வேண்டும், குடும்பத்தில் இருந்து ஒருவர் வந்தால் அழகு என்று அந்தப் பெண் விரும்பினாளாம். குடும்பம் என்றால் நான்தான். நீலச் சீலை உடுத்துக்கொண்டு போய், என் புருஷனின் கலியாணப் பதிவில், மச்சாளின் பெயரில் கையெழுத்துப் போட்டேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவளுக்கு இது பேப்பர்க் கலியாணம் இல்லை என்று. அவளுக்கு ஒன்றுமே தெரியாது. நல்ல பெண். பிறகு பிள்ளைக்குக் குளிர்ச் சப்பாத்து வாங்கிக் கொடுத்துவிட்டாள். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

பொலிஸ் வந்து சோதிக்கும், பல் துலக்கும் பிரஷ் வரைக்கும் பார்க்கும் என்று அவர் அவளுடைய வீட்டுக்குக் குடிபோனார். முதலில் இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்தார். பிறகு ஞாயிறுகளில் வந்தார். பிறகு வருகிறபோது கோழிக்கறி வைக்கச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டுப் போனார். மூன்று வருஷம் முடிந்தது. நிரந்தர விசா கிடைத்தது. விவாகரத்துப் பற்றி நான் கேட்டால், இப்போது அவசரப்பட்டால் சந்தேகம் வரும் என்றார். மகள் வீட்டுக்குள் அப்பா, வெளியே மாமா என்று பிழைவிடாமல் சொல்லப் பழகியிருந்தாள். அந்தக் கெட்டித்தனத்தைப் பார்த்து அவர் பெருமைப்பட்டார். எனக்கு அவரை அடிக்கவேண்டும் போல இருந்தது.

மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டிய வருஷம் வந்தது. அக்கா அந்தப் புத்தகத்தை எப்போதோ முடித்திருந்தார், ஆனால் முடிவை மட்டும் எனக்குச் சொல்லவில்லை. வேலை கூடிவிட்டது, மறந்துவிட்டது என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார். இனி எனக்குத் தெரிந்தே ஆகவேண்டும் என்று நான் ஒருநாள் அவரை மறித்துப் பிடித்தேன். அவளுக்குத் தன் திறப்பு கிடைத்ததா, இல்லையா?

அக்கா நான் மடித்துவைத்த துவாய்களைப் பார்த்தார். பிறகு சொன்னார். அந்தப் பெண் எல்லா வாழ்க்கையிலும் அலைந்து களைத்து, நேரே வாத்திடம் போனாளாம். இது என்னுடையது, என்னுடையதைத் தா என்று கேட்டாளாம். வாத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இத்தனை காலமும் நீ கேட்கவே இல்லையே என்று சொல்லி, திறப்பை எடுத்துக் கையில் கொடுத்ததாம். அவ்வளவுதான் கதை என்றார்.

அன்று முழுக்க எனக்கு அதே யோசனை. நானும் ஒருநாளும் கேட்கவில்லையே! எல்லாவற்றையும் என் கணவர் மூலம்தான் கேட்டேன். கந்தோரில் அவர்தான் எனக்கு மொழிபெயர்ப்பாளர், அன்பான அண்ணன். நான் என் வாயால் ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. இப்போது எனக்கும் மொழி தெரியும். கந்தோரில் தவணைக்குப் போகிற அடுத்த ரெர்மினில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

அக்கா சொன்னது புத்தகத்தில் இருந்த முடிவு இல்லை. உண்மையான முடிவை அவர் எனக்குச் சொன்னது பல காலம் கழித்து, அவர் பென்ஷன் எடுத்துக்கொண்டு போகும்போது. புத்தகத்தில், அந்தப் பெண் திரும்பி வந்தபோது அவளுடைய திறப்பை எடுத்தவள் திருப்பிக் கொண்டுவரவே இல்லை. துவாயைச் சுற்றிக்கொண்டு கொக்கிக்குக் கீழே நின்று பார்க்கிறாள். வாத்து பாவப்பட்டு அவளைத் துவாய் மடிக்கும் வேலைக்கு வைத்துக்கொள்கிறது. கொரியாவில் அதை வாசித்தவர்கள் சிரித்தார்களாம். துவாய் மடித்துக்கொண்டு நிற்கிற உனக்கு நான் அதை எப்படிச் சொல்வேன் என்று அக்கா கேட்டார். நான் அவரைக் கோபிக்கவில்லை. ஆனால் அன்றைக்கே சொல்லியிருந்தால் நல்லது என்று மட்டும் சொன்னேன்.

ரெர்மின் காலையில். வழமைபோல என் கணவர் காரில் வந்து என்னையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போனார். நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் தடுத்துவிடுவார் என்று தெரியும். கந்தோரில் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள், மரியாதையாகப் பேசுகிறவள். பிள்ளைக்குக் கடதாசியும் கலர் பென்சிலும் கொடுத்தாள். அவர் வாய் திறக்க முன்னம் நான் பேசத் தொடங்கினேன். இவர் என் அண்ணன் இல்லை, என் கணவர். இந்தப் பெயர் என்னுடையது இல்லை. இந்தப் பிள்ளைக்கு இவர்தான் தகப்பன். ஜேர்மன் மொழியில், ஒன்றும் பிசகாமல், படுக்கையில் கிடந்து எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்த வசனங்கள்.

அந்தப் பெண் பேனையைக் கீழே வைத்தாள். அவரைப் பார்த்தாள்.

அவர் பதறவில்லை. தலையை மெல்ல ஆட்டினார். கவலையாக ஒரு சிரிப்புச் சிரித்தார். என் தங்கச்சிக்குக் கொஞ்சக் காலமாகச் சுகமில்லை என்றார். சண்டையில் நிறையப் பார்த்துவிட்டாள், பிள்ளையின் தகப்பன் கைவிட்டுப் போனதையும் அவளால் தாங்க முடியவில்லை, நான்தான் ஆதரவு, அதனால் மனசுக்குள் இப்படி ஒரு எண்ணம் வந்துவிட்டது என்றார். என்னை விட எவ்வளவு நல்ல ஜேர்மன் மொழி! சொல்லும்போது என் தோளில் கை வைத்திருந்தார்.

பிறகு என் பக்கம் குனிந்து, ஆறுதல் சொல்கிறவர் குரலில், தமிழில் சொன்னார். "யோசிச்சுக் கதையும். என்ர விசா போனால் எனக்கு மட்டுமில்லை. உமக்கும் பிள்ளைக்கும் கொழும்புக்கு ரிக்கெற் போடுவாங்கள். அங்க இறங்கினவுடன ஆர் வந்து கூட்டிக்கொண்டு போவாங்கள் எண்டு உமக்குத் தெரியும்தானே."

எனக்குத் தெரியும். அந்த நாளில் கொழும்பில் இறங்கிய தமிழ்ப் பெண்ணுக்கு என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கந்தோர்ப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். சந்தேகம் போய், இரக்கம் வந்திருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு கந்தோரில் என்னை அப்படி இரக்கமாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அண்ணன் சொல்வது சரியா என்று மெதுவாகக் கேட்டாள். மகள் கடதாசியில் ஒரு வீட்டைக் கீறி, கூரைக்குச் சிவப்பு அடித்துக்கொண்டிருந்தாள்.

ஓம், அண்ணன் சொல்வதுதான் சரி என்றேன். எனக்குக் கொஞ்சம் சுகமில்லை என்றேன்.

அவள் ஒரு டொக்டரின் விலாசத்தை எழுதித் தந்தாள். தவணையை வழக்கத்தை விடக் கூடுதலாகவே நீட்டிக் கொடுத்தாள். வெளியே நடைபாதைக்கு வந்ததும் அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நல்ல காலம், சமாளிச்சுப்போட்டீர்" என்றார். கோபம் கூட இல்லை. வாருங்கள், வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன், அப்படியே சாப்பிட்டுவிட்டுப் போகிறேன் என்றார். மகள் அவருடைய கையைப் பிடிக்கப் போனாள். நான் அவளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். தாலி கட்டின நாளில் இருந்து நான் அவரை, எங்கள் ஊரில் பெண்சாதி புருஷனைக் கூப்பிடுவதுபோல, இஞ்சேருங்கோ என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

"நாங்கள் பஸ்ஸில போறம்," என்றேன். "நீங்கள் போங்கோ அண்ணை. அங்க அண்ணி பாத்துக்கொண்டிருப்பா."